மேலதா, ஆண்டா? ஆய்வேட்டுக்கு எந்த மேற்கோள் முறை

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் 17ஆம் அடிக்குறிப்பு இப்படி இருந்தது: "மேலது, ப. 112." மேலது என்றால் மேலே 16ஆம் குறிப்பில் சொன்ன அதே நூல். அங்கே இருந்ததோ ஒரு வார இதழ். மொத்தமே 16 பக்கம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, பதினாறு பக்கப் பத்திரிகைக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

நடந்தது இதுதான். கடைசி வாரத்தில் நெறியாளர் ஒரு பத்தியை முன்னால் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். பத்தியோடு அதன் குறிப்பும் கூடவே வந்து, ஒரு நூலுக்கும் அந்த நூலைச் சுட்டிய 'மேலது'வுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. எண்களைக் கணினி தானாக மாற்றிக்கொண்டது. 'மேலது' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, புதிதாக வந்த மேலதிகாரிக்கு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு, தெரிந்த பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் பிழை பார்த்துக் கொடுப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தமிழ்த்துறை, வரலாற்றுத்துறைப் பிள்ளைகள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ஏ.பி.ஏ. போடவா, எம்.எல்.ஏ. போடவா, பழைய மாதிரி அடிக்குறிப்பே போடவா?" (எம்.எல்.ஏ. முறையில் எழுதுகிறேன் என்று வீட்டில் சொன்னால் எந்தத் தொகுதி என்று கேட்பார்கள்.) உன் சான்றுகளெல்லாம் என்ன, சங்கப் பாட்டா, கல்வெட்டா, பழைய பத்திரிகையா, ஊர்ப் பெரியவர்கள் பேச்சா என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சொன்னால்தான் எந்த முறை என்று சொல்ல முடியும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பல்கலைக்கழகம் கொடுத்த ஆய்வேட்டுக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இன்ன முறை என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அதையே போடுங்கள், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஓரத்தில் எத்தனை அங்குலம் விட வேண்டும், அட்டை என்ன நிறம் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, மேற்கோளுக்கு வரும்போது 'ஒரே சீரான முறையைப் பின்பற்றுக' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும் கையேடுகளும் உண்டு. அப்படிப்பட்ட கையேடு கையில் இருப்பவர்களுக்குத்தான் மீதி.

சந்தையில் இருப்பவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1906இல் முதலில் வந்த சிகாகோ கையேடு அடிக்குறிப்பு முறைக்குப் பேர்போனது; ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் போடும் ஆண்டு முறையும் அதிலேயே உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்த கேட் துராபியன், மாணவர்களுக்கென்று அதைச் சுருக்கி 1937இல் ஒரு கையேடு போட்டார். ஏ.பி.ஏ. முறை அமெரிக்க உளவியல் சங்கத்தினுடையது. 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது, இப்போது ஏழாம் பதிப்பில் தடித்த புத்தகமாக நிற்கிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் அடைப்புக்குள் போடுவது. எம்.எல்.ஏ. முறை நவீன மொழிச் சங்கத்தினுடையது, கையேடு 1977இல் வந்தது. அடைப்புக்குள் பெயரும் பக்கமும் மட்டும், ஆண்டு கிடையாது. இவை தவிர மருத்துவத்துக்கு வான்கூவர் முறை, பொறியியலுக்கு ஐ.இ.இ.இ. முறை என்று எண் போடும் முறைகள் இருக்கின்றன. சதுர அடைப்புக்குள் 23 என்று மட்டும் பார்த்தால் அது தொல்காப்பியமா போன வாரச் செய்தித்தாளா என்று படிப்பவருக்குத் தெரியாது. தமிழ், வரலாறு எழுதுபவர்கள் இந்த எண் முறைகளை மறந்துவிடலாம்.

சரி, பழம்பாட்டிலிருந்து தொடங்குவோம். யார் சொன்னது என்று சொல்லும் வழக்கம் தமிழில் இலக்கணத்தோடேயே வருகிறது. தொல்காப்பியர் 'என்ப' என்கிறார், 'என்மனார் புலவர்' என்கிறார். எந்தப் புலவர் என்று மட்டும் கடைசிவரை சொல்வதில்லை. இன்றைய நெறியாளரிடம் சிக்கியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். உரையாசிரியர்களும் பாட்டு வரியை எடுத்துக்காட்டுவார்கள், அது எந்த நூலின் எத்தனையாவது பாட்டு என்று பல இடங்களில் சொல்லமாட்டார்கள். அந்தக் காலத்துப் படிப்பாளிக்கு வரி போதும், மீதி மனப்பாடம். 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு, 1937இல் குறுந்தொகை என்று உ.வே.சா. பதிப்பித்தபோது, உரையில் வரும் மேற்கோள் வரிகள் எங்கிருந்து வந்தவை என்று தேடிப்பிடித்துக் குறித்தார். பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்த்தார். பாட்டின் எண்ணைச் சொன்னால் போதும் என்ற நிலை இப்படிப்பட்ட உழைப்பினால் வந்தது.

இதனால்தான் சொல்கிறேன்: எந்த முறையை எடுத்தாலும் பழைய இலக்கியத்துக்குப் பக்க எண் போடாதீர்கள். (குறுந். 40) என்று வரியோடு வரியாக அடைப்புக்குள் போட்டால், யாரிடம் எந்தப் பதிப்பு இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிடலாம். 'குறுந்தொகை, ப. 97' என்று போட்டால் அதே பதிப்பு, அதே அச்சு கையில் இருக்க வேண்டும். கல்வெட்டும் இதே சாதிதான். தஞ்சைப் பெரிய கோயில் தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டை 'தெ.இ.க. 2: 66' என்று சொன்னால், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 66ஆம் எண் என்று துறையில் உள்ள எல்லாருக்கும் புரியும்.

எண் போட்டதோடு கடமை முடிந்தது என்றும் இருந்துவிட முடியாது. தொல்காப்பிய நூற்பா எண் இளம்பூரணர் உரையில் ஒன்றாகவும் நச்சினார்க்கினியர் உரையில் வேறாகவும் இருக்கும் இடங்கள் உண்டு. ஒருவர் இரண்டாகப் பிரித்ததை மற்றவர் ஒன்றாகக் கொண்டிருப்பார். திருக்குறளில்கூட, நாம் பழகியிருக்கும் எண் பரிமேலழகர் வைத்த வரிசை. மணக்குடவரிடம் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் மாறும். அதனால் எந்த உரை, எந்தப் பதிப்பு என்பதை முதல் இயலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு, துணைநூற்பட்டியலிலும் போட்டுவிட வேண்டும். பாடவேறுபாட்டை வைத்து வாதம் செய்பவர்களுக்கு இது உயிர்நாடி.

முழுக்க இலக்கிய ஆய்வு, பாட்டும் அதன்மேல் எழுதிய திறனாய்வும்தான் சான்று என்றால் எம்.எல்.ஏ. முறை நன்றாகவே பொருந்தும். பழைய நூல்களுக்குப் பக்கத்துக்குப் பதில் பாட்டு எண், அடி எண் போட அது இடம் கொடுக்கிறது. ஒரே ஆசிரியரின் ஐந்து நூல்களை எடுத்தாண்டால் அடைப்புக்குள் பெயரோடு நூலின் சுருக்கப் பெயரும் சேர்ந்து நீண்டுவிடும், அவ்வளவுதான் தொல்லை.

ஆசிரியர்-ஆண்டு முறையின் பலம், காலம் கண்ணுக்கு முன்னால் நிற்பது. சங்கச் சமூகத்தைப் பற்றிக் கைலாசபதி எழுதியது 1968இல். ஐராவதம் மகாதேவனின் பெரிய தமிழ்-பிராமிக் கல்வெட்டு நூல் 2003இல். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து வாதிக்கும்போது, நடுவில் 35 ஆண்டுகள் இருப்பதையும், முன்னவர் கையில் இல்லாத சான்றுகள் பின்னவர் கையில் இருந்ததையும் அடைப்புக்குள் உள்ள எண்ணே சொல்லிவிடுகிறது. மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், தொல்லியல் போன்ற துறைகளில் இது பெரிய வசதி.

ஆனால் மறுபதிப்பு வந்தால் இதே வசதி சங்கடமாகும். உ.வே.சா. மறைந்தது 1942இல். மாணவர் வாங்கியது 2017இல் அச்சான படி. (சாமிநாதையர், 2017) என்று எழுதினால் படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். ஏ.பி.ஏ. இதற்கு வழி வைத்திருக்கிறது: (சாமிநாதையர், 1937/2017) என்று முதல் பதிப்பாண்டும் கையில் உள்ள பதிப்பாண்டும் சாய்கோடு போட்டுச் சேர்ந்து வரும். அதற்கு முதல் பதிப்பு எப்போது வந்தது என்று தெரிய வேண்டுமே! நம் மறுபதிப்புகள் பலவற்றில் 'முதற்பதிப்பு' என்று போட்டிருப்பது அந்தப் பதிப்பகம் போட்ட முதல் பதிப்பைத்தான். பழைய முன்னுரையின் அடியில் உள்ள தேதியைப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

அந்தத் தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. 'ஈசுவர வருஷம்' என்று போட்டிருந்தால் அது 1937-38 ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷம் தள்ளி 1877-78 ஆகவும் இருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழிக்க வேண்டும். தி.ஆ. 2000 என்பது கி.பி. 1969. இதைக் கவனிக்காமல் 2000 என்றே போட்டு, காலவரிசையில் ஒரு நூலை 31 ஆண்டு பின்னால் தள்ளிய வரைவை நான் திருத்தியிருக்கிறேன். அடிக்குறிப்பு முறையில் 'ஈசுவர வருஷம்' என்பதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் உங்கள் கணிப்பையும் ஒரு வரி சேர்த்துவிடலாம். ஆண்டு முறையில் அடைப்புக்குள் நான்கு இலக்கம்தான் போக முடியும், தயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

பெயர் விஷயம்தான் எல்லாவற்றையும்விடத் தலைவலி. இந்த முறைகள் எல்லாம் குடும்பப் பெயர் இருக்கும் ஊரில் பிறந்தவை. குடும்பப் பெயரை முன்னால் போடு, முதற்பெயரை எழுத்தாகச் சுருக்கு என்கின்றன. உ.வே. சாமிநாதையரில் 'உ' உத்தமதானபுரம், 'வே' அப்பா வேங்கடசுப்பையர். குடும்பப் பெயர் எங்கே? இல்லை. 'சாமிநாதையர், உ.வே.' என்று திருப்பிப் போடுவது பட்டியலை அகரவரிசையில் அடுக்க மட்டும் உதவும், அதற்காகச் செய்யலாம். இங்கே வரை சரி. தலையெழுத்து போடாமல் அப்பா பெயரைப் பின்னால் முழுதாக எழுதும் இந்தத் தலைமுறையில்தான் குழப்பம். செல்வி முருகேசன் என்று ஒரு பெண் கட்டுரை எழுதினால், ஏ.பி.ஏ. விதியை அப்படியே போடுபவர் (முருகேசன், 2019) என்று எழுதுவார். ராத்திரி பகலாக உழைத்தது செல்வி, பேர் போவது அப்பாவுக்கு. தமிழில் எழுதும் ஆய்வேட்டில் செல்வி முருகேசனைச் 'செ'யில் வையுங்கள், அடைப்புக்குள்ளும் முழுப்பெயர் போடுங்கள். முதல் பக்கத்தில் 'தமிழ்ப் பெயர்கள் இந்த முறையில் தரப்படுகின்றன' என்று இரண்டு வரி எழுதிவிட்டால் தேர்வாளர் யாரும் குறை சொல்லமாட்டார்.

தலையெழுத்தை விட்டால் வரும் வம்பு இன்னொரு பக்கம். ச.வே. சுப்பிரமணியன் இருக்கிறார், வ.அய். சுப்பிரமணியம் இருக்கிறார், கா. சுப்பிரமணிய பிள்ளை இருக்கிறார். (சுப்பிரமணியன் 1982: 45) என்று போட்டால் யார் என்று பட்டியலைப் புரட்ட வேண்டும். ஒரே குடும்பப் பெயரில் இருவர் இருந்தால் முதலெழுத்தைச் சேர் என்று ஏ.பி.ஏ.வே சொல்கிறது. தமிழில் அதை விதிவிலக்காக வைக்காமல் எல்லா இடத்திலும் சேர்த்துவிடலாம். அப்புறம், மரியாதை. 'முனைவர்', 'பேராசிரியர்', 'டாக்டர்' எல்லாம் நன்றியுரையில் இருக்கட்டும். ஒரு துணைநூற்பட்டியலில் பாதிப்பேர் 'மு'வில் நின்றார்கள். என்ன என்று பார்த்தால் அத்தனை பேரும் முனைவர்கள்.

இனி அடிக்குறிப்பு. இதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள் பழைய பத்திரிகைகளை வைத்து ஆய்வு செய்யாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். குடிஅரசு இதழை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இதழ் 2.5.1925. வார இதழ். கையெழுத்தில்லாத தலையங்கங்கள், செய்திக் குறிப்புகள். 1926ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து இருபது இடங்களை எடுத்தாள்கிறீர்கள் என்றால், ஆண்டு முறையில் (குடிஅரசு 1926அ), (குடிஅரசு 1926ஆ) என்று போய், ஔவோடு உயிரெழுத்து பன்னிரண்டும் தீர்ந்துவிடும். பதின்மூன்றாவதுக்கு என்ன செய்வது? அடிக்குறிப்பில் 'குடிஅரசு, 2.5.1925, ப. 3' என்று தேதியோடு எழுதினால் வேலை முடிந்தது. படிப்பவருக்கும் நாள் முக்கியம். ஒரு மாநாட்டுக்கு முந்தைய வாரம் எழுதியதா பிந்தைய வாரம் எழுதியதா என்பதில்தான் வாதமே நிற்கும். சுதேசமித்திரன், அரசாணைகள், ஆவணக்காப்பகக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை.

தமிழ் வாக்கிய அமைப்பும் அடிக்குறிப்புக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. நமக்கு வினை கடைசியில் வரும். ஒரு கருத்தைச் சொல்லி, 'என்று' வருவதற்கு முன்னால் நான்கு பேரின் பெயர், ஆண்டு, பக்கம் என்று அடைப்பு விரிந்தால், 'மறுக்கிறார்' என்ற சொல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதை மறுக்கிறார் என்பது மறந்துபோகும். சின்ன எண் ஒன்று வாக்கிய முடிவில் நின்றால் ஓட்டம் தடைபடாது.

அடிக்குறிப்பு சரி, 'மேலது' வேண்டாம். சிகாகோ கையேடே 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் இதற்குச் சமமான சொல்லைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் நூலின் சுருக்கப் பெயரும் போடச் சொல்லிவிட்டது. 'கைலாசபதி, வீரயுகக் கவிதை, ப. 60' என்ற அளவில் ஒரு சுருக்கம் போட்டுவிட்டால், பத்தியை எங்கே தூக்கிப் போட்டாலும் குறிப்பு தன் காலில் நிற்கும். 'முற்சுட்டிய நூல்' இன்னும் மோசம். அறுபது பக்கம் பின்னால் போய், எது முன்பு சுட்டியது என்று தேட வேண்டும்.

குறிப்புகளை இயலின் கடைசியில் மொத்தமாக அடுக்கும் முறையும் ஆய்வேடுகளில் நிறைய உண்டு. எதற்கு இப்படி என்று கேட்டால், டி.டி.பி. கடையில் பக்க அடியில் குறிப்பு வைப்பது தொல்லை, அதனால் என்பார்கள். தட்டச்சு செய்பவரின் சௌகரியத்துக்காகப் படிப்பவர் ஒவ்வொரு தடவையும் நாற்பது பக்கம் தள்ளிப் போய்வர வேண்டும். இதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

களப்பணி செய்பவர்களுக்குத் தனிக் கணக்கு. ஊரில் உட்கார்ந்து அம்பது பேரிடம் கதைப்பாடலும் வழக்காறும் கேட்டு வந்திருப்பார்கள். ஏ.பி.ஏ.வில் கடிதம், உரையாடல் போன்றவற்றைப் பனுவலுக்குள் மட்டும் சுட்டிவிட்டுப் பட்டியலில் சேர்க்காமல் விடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் உங்கள் சொந்த ஆய்வின் தகவலாளிகளை அந்தக் கணக்கில் வைக்காதே என்றும் அது சொல்கிறது. நாட்டார் வழக்காற்றியல் துறையில் ஏற்கெனவே இருக்கும் பழக்கமே நல்லது: பின்னிணைப்பில் தகவலாளி எண், வயது, ஊர், நேர்காணல் தேதி கொண்ட பட்டியல், உள்ளே (தக. 14) என்று எண். பேர் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டவர்களுக்கும் எண் பாதுகாப்பு. நூல்களுக்கு ஆசிரியர்-ஆண்டு. இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

வெளியீட்டு ஊரைப் போடுவதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். எம்.எல்.ஏ. 2016இலும், ஏ.பி.ஏ. 2019இலும் அதை விட்டுவிட்டன, சிகாகோவும் 2024இல் வந்த பதிப்பில் கட்டாயமில்லை என்று விட்டது. அவர்களுக்குச் சரி. நமக்கு ஒரே நூல் சென்னையில் ஒரு பதிப்பும் யாழ்ப்பாணத்தில் ஒரு பதிப்பும் வந்திருக்கும், பதிப்பகமோ எப்போதோ மூடியிருக்கும். ஊர்ப் பெயர்தான் தேடுபவருக்கு முதல் துப்பு. போடுங்கள்.

மின்னூல் விஷயத்தில் எந்த முறையும் முழுதாகக் காப்பாற்றாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்து மின்பனுவலில் அச்சுப் புத்தகத்துப் பக்கத்தைத் தேடிப் பயனில்லை. பாட்டு எண்ணோ அதிகாரமோ போடலாம். தமிழ் மின்நூலகத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் அச்சுப் பக்கத்தையே படமெடுத்துப் போட்டிருப்பதால், அங்கே அச்சில் உள்ள பக்க எண்ணையே போட்டுவிட்டு, பார்த்த இடத்தைப் பட்டியலில் குறித்தால் போதும். கோப்பில் 57ஆம் படம் என்பதைப் பக்கம் 57 என்று எழுதிவிடாதீர்கள்; முன்னட்டை, முன்னுரை எல்லாம் சேர்ந்து எண் தள்ளிப்போயிருக்கும்.

இதையெல்லாம் கையால் எழுதுவதா, மென்பொருளில் விடுவதா? 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சொட்டேரோ இலவசம், திறந்த மூலம். மெண்டலே 2013 முதல் எல்செவியர் கையில் இருக்கிறது. எண்ட்நோட்டுக்குக் காசு கட்ட வேண்டும். என் ஓட்டு சொட்டேரோவுக்கு, அதிலும் முக்கியமாக ஒரு காரணத்துக்காக: ஆசிரியர் பெயரை இரண்டு பெட்டியாகப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் போட அது விடுகிறது. நிறுவனப் பெயர்களுக்காக வைத்த வசதி, செல்வி முருகேசனுக்கு அப்படியே உதவும். ஆனால் ஆய்வேட்டின் மொழியை ஆங்கிலமாக விட்டால் 'மற்றும் பிறர்', 'பதிப்பாசிரியர்' வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சுருக்கங்கள் விழும், கடைசியில் உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

அகரவரிசையையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூனிகோடு எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, 'ழ' எழுத்து 'வ'வுக்கு முன்னால் இருக்கிறது. தமிழ் வரிசை தெரியாத மென்பொருள் மயில்சாமிக்கு முன்னால் மனோகரனையும், பவானந்தத்துக்கு முன்னால் பழனியையும் வைத்துவிடும். இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் கடையில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் சொட்டேரோவால் பயனில்லை. எக்செல்லில் ஒரு தாள் போதும்: அச்சில் உள்ளபடி ஆசிரியர் பெயர், நூல், பதிப்பாசிரியர், முதல் பதிப்பாண்டு, கையில் உள்ள பதிப்பாண்டு, பதிப்பகம், ஊர், பக்கம், எந்த நூலகத்தில் எந்தத் தேதியில் பார்த்தேன். இத்தனையும் இருந்தால் நெறியாளர் நான்காம் ஆண்டில் மனம் மாறி வேறு முறை கேட்டாலும் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் எல்லா நூலகத்துக்கும் திரும்ப பஸ் ஏற வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்டு வாங்கி வரும் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். நிஜமான ஆசிரியர், நிஜமான பதிப்பகம், எழுதப்படாத புத்தகம். புத்தகத்தைக் கையில் தொடாமல் எந்த வரியையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறதா என்று கணினியில் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குப் பயந்து மேற்கோளைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். தேவையே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. முறையாகப் பேர் சொல்லி எடுத்த மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கிலேயே வராது. 40க்கு மேல் போனால் ஓராண்டு திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மாட்டுபவர்கள் பெரும்பாலும் பேர் சொல்லாமல் எடுத்தவர்கள்.

இத்தனைக்கும் பிறகு என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இது. பழம்பாட்டும் கல்வெட்டும் எந்த முறையிலும் அடைப்புக்குள் எண்ணோடு. பத்திரிகை, ஆவணம், பதிப்பு வரலாறு என்றால் பக்க அடியில் அடிக்குறிப்பு, சுருக்கப் பெயரோடு. மொழியியல், தொல்லியல், களப்பணி என்றால் ஆசிரியர்-ஆண்டு, தலையெழுத்தோடு. தமிழ்த்துறை ஆய்வேடு ஒன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால் அடிக்குறிப்பைச் சொல்வேன். பின்னால் ஆங்கிலக் கட்டுரைகளாக வெளியிடும் எண்ணம் இருந்தால் மட்டும் ஆண்டு முறையில் தொடங்குவது லாபம், கூடவே நூல் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் லெக்சிகன் ஒலிபெயர்ப்பையும் எக்செல்லில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

என் 17ஆம் குறிப்பு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. திருத்தப்படவில்லை. கெட்டி அட்டை போட்ட படி முன்பே நூலகத்துக்குப் போய்விட்டது, பிறகு ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்காவிலும் ஏற்றிவிட்டார்கள். போன ஆண்டு ஒரு மாணவி வரைவு கொண்டுவந்தாள். மூன்றாம் இயலில் ஓரிடத்தில் அந்த வார இதழின் பெயர், அதே தேதி, ப. 112 என்று சுத்தமாக எழுதியிருந்தது. "இந்த இதழை எங்கம்மா பார்த்தே?" என்று கேட்டேன். "மைக்ரோஃபிலிம்ல பார்த்தேன் சார்" என்றாள்.